கேட்காதே என்று சொன்னவள் நான்தான்!



நான், 38 வயது குடும்பத் தலைவி. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். திருப்பூர் பக்கம் சிறிய ஊர் ஒன்றில் வசிக்கிறோம். கணவர், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு பெண் குழந்தைகள். பல வருடங்களாக இந்தப் பகுதியை வரி விடாமல் படித்து வருகிறேன்; எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் குடும்ப விஷயத்தை வெளியில் சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். போன மாதம் எங்கள் வீதியில் குடியிருக்கும் ஒரு பெண், "அக்கா, நானும் அவரும் சேர்ந்து இடம் வாங்கறோம். இப்போதைக்கு அவரு பேருல இருக்கட்டும், கல்யாணத்துக்கு அப்புறம் மாத்திக்கலாம்னு சொல்றாரு" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். எனக்குக் கை, கால் உதறிவிட்டது. இனியும் சும்மா இருந்தால் பாவம் என்றுதான் எழுதுகிறேன்.

என் கூடப் பிறந்த தங்கை, என்னைவிட ஒன்பது வயது சிறியவள். பிளஸ் டூ முடித்து, பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனாள். அங்கே உடன் வேலை பார்த்தவரோடு பழக்கம் ஏற்பட்டு, இருவரும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்திருந்தனர். நல்ல பையன். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. அவருடைய அக்காவுக்குக் கல்யாணம் ஆகவேண்டி இருந்ததால், "அது முடிந்ததும் வீட்டில் சொல்கிறேன்" என்று தள்ளிப் போட்டு வந்தார். எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் முழு விவரம் தெரியும். அம்மாவுக்கு அரைகுறையாகத் தெரியும்.

2021 தை மாதத்தில், ஊருக்கு வெளியே 3 சென்ட் மனை ஒன்று விலைக்கு வந்தது. பத்திரச் செலவோடு சேர்த்து 12 லட்சம் ரூபாய். கல்யாணத்துக்கு அப்புறம் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று இருவருக்கும் ஆசை. தங்கை, பல வருட சம்பாத்தியத்தில் சேர்த்தது, சீட்டு எடுத்தது எல்லாம் சேர்த்து 4 லட்சத்தை பேங்க் மூலம் அவருக்கு அனுப்பினாள். அது போதவில்லை. அவளுடைய 5 பவுனையும், என்னுடைய 4 பவுன் வளையலையும் அடகு வைத்து, 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாயைக் கையில் கொடுத்தோம். மீதியை அவர் போட்டார். ஆக, பாதிக்கு மேல் என் தங்கை பணம்.

பத்திரம் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு, தங்கை என்னிடம் வந்தாள்.

"அக்கா, பத்திரம் அவரு பேருல மட்டும்தான் போடறாராம். எம்பேரையும் சேர்க்கச் சொல்லட்டுமா?"

நான் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"கேக்காத கண்ணு. அப்படிக் கேட்டா ஆம்பளைங்களுக்கு மனசு கோணிப்போகும். இவளுக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லைன்னு நினைச்சுக்குவாரு. நாளைக்கு வாழப்போறவ நீ. தாலி ஏறிட்டா எல்லாம் உன்னுதுதானே?"

அவள் கேட்கவில்லை. அக்கா பேச்சைத் தட்டாதவள்.

அந்த வருடம் புரட்டாசியில், இரவு ஷிப்ட் முடிந்து வண்டியில் வந்தவர் மீது லாரி மோதி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். வயது 31.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதுபோன்ற கதை என்றாலே, காசை வாங்கிக்கொண்டு ஓடிப்போன ஆளைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். இவர் ஓடிப்போனவர் இல்லை. ஏமாற்றுக்காரரும் இல்லை. உயிரோடு இருந்திருந்தால் சொன்ன சொல்லைக் காப்பாற்றி இருப்பார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால், பத்திரத்துக்கு நல்லவர், கெட்டவர் தெரியாது. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர்.

காரியம் எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, தங்கையைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவருடைய அப்பா எப்போதோ இறந்துவிட்டார். அம்மா மட்டும்தான். விஷயத்தைச் சொன்னதும், அந்தம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"அம்மிணி, எம்பையன் உன்னப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே. அவன் போனதுக்கு அப்புறம் வந்து, இடத்துல பாதி என்னுதுன்னு சொன்னா, நான் எதைக் கண்டு நம்பறது?"

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அவர். வயதுக்கு வந்த மகள் வேறு வீட்டில் இருக்கிறாள். யாரோ இரண்டு பெண்கள் வந்து பணம் கேட்கிறார்கள். அவர் என்ன செய்வார்?

தெரிந்தவர்கள் சொல்லி, கோர்ட் வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனோம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987ம் வருட சட்ட உதவிச் சட்டப்படி இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அங்கிருந்த வக்கீலம்மா, ஒரு மணி நேரம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அதை என்னைப் போன்ற சகோதரிகளுக்கும் சொல்லவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலாவது, வாரிசு விஷயம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால், 1956ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர்தான் முதல் வாரிசுகள். கல்யாணம் ஆகாத பையன் என்றால், தாய்க்குத்தான் எல்லாம். மற்ற மதத்தினருக்கு வேறு சட்டங்கள் உண்டு. ஆனால், கல்யாணம் பேசி வைத்த பெண் எந்தச் சட்டத்திலும் வாரிசு கிடையாது. பத்து வருடம் பழகியிருந்தாலும் அதே கதைதான்.

இரண்டாவது, "பணம் என்னுது, அதனால் இடமும் என்னுது" என்று வழக்குப் போட முடியாது. இது எனக்குப் பெரிய அதிர்ச்சி. 1988ல் வந்த பினாமி தடுப்புச் சட்டம், 2016ல் இன்னும் கடுமையாக்கப்பட்டதாம். பணம் ஒருவர் கொடுத்து, சொத்தை வேறு ஒருவர் பெயரில் வாங்கி, பலனைப் பணம் கொடுத்தவர் அனுபவிப்பதாக இருந்தால் அது பினாமி. சொத்தையே அரசு பறிமுதல் செய்யலாம். 1 வருடத்திலிருந்து 7 வருடம் வரை ஜெயில், சொத்து மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். சொந்தச் சம்பாத்தியத்தில், கணவனோ மனைவியோ பிள்ளையோ பெயரில் வாங்கினால் விலக்கு உண்டு. காதலருக்கும், நிச்சயம் செய்த மாப்பிள்ளைக்கும் அந்த விலக்கு இல்லை. கழுத்தில் தாலி ஏறும் வரை சட்டத்தின் கண்ணில் இருவரும் அந்நியர்தான்.

மூன்றாவது, பணத்தைக் கொடுத்த கடன் என்று திருப்பிக் கேட்கலாம். இறந்தவர் விட்டுப்போன சொத்து அளவுக்கு, வாரிசுகள் அவருடைய கடனுக்குப் பொறுப்பு. ஆனால், கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். 3 வருடத்துக்குள் கேட்க வேண்டும். பேங்க் மூலம் அனுப்பிய 4 லட்சத்துக்கு பாஸ்புக்கில் பதிவு இருந்தது. "அந்த 4 லட்சம் வந்துடுச்சு. இடத்துக்குக் கட்டிட்டேன். எதாவது ஒண்ணுன்னா உம்பணம் உனக்கு வந்துடும்" என்று அவர் போனில் அனுப்பிய செய்தியை, அழிக்க மனம் வராமல் தங்கை வைத்திருந்தாள். கையில் கொடுத்த 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கு? என் வளையலை அடகு வைத்த சீட்டுதான் இருந்தது. அந்தச் சீட்டு, வளையல் அடகுக்குப் போனதைச் சொல்லுமே தவிர, பணம் யார் கைக்குப் போனது என்று சொல்லாது.

வழக்கு, வாய்தா என்று அலைய வேண்டாம் என்று, அந்த மையத்திலேயே இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினர். அந்தம்மா, பேங்க் கணக்கைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். 2023ல் அந்த இடத்தை விற்று, 4 லட்சத்தைத் தங்கை கையில் கொடுத்தார். "கையில குடுத்ததா நீங்க சொல்றத எனக்குத் தெரியாது சாமி. இவளக் கரையேத்தணும்" என்றார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. அடகு நகைக்கு வட்டியும் அசலுமாகத் தங்கையே மூன்று வருடம் கட்டி, 2024 ஆடியில் என் வளையலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இந்தாங்க அக்கா" என்றாளே தவிர, ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

பெண்களை ஆண்கள் ஏமாற்றுகிறார்கள் என்று எழுதுவது சுலபம். ஆனால், "கேட்காதே" என்று சொல்லிக் கொடுப்பது யார்? அம்மாக்களும், அக்காக்களும், அத்தைகளுமாகிய நாம்தான். காய்கறிக்காரரிடம் 2 ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். மளிகைக் கடைச் சீட்டை நாலு தரம் கூட்டிப் பார்க்கிறோம். வாழ்நாள் சம்பாத்தியத்தை ஒரு பெண் தூக்கிக் கொடுக்கும்போது மட்டும், "கேட்டால் மனசு நோகும்" என்று அவள் வாயை அடைக்கிறோம்.

"இப்படிக் கணக்குப் பார்த்தால் அது அன்பா, வியாபாரமா?" என்று சிலர் கேட்கலாம். நான் ஒன்று கேட்கிறேன். நம் வீட்டு விசேஷங்களில் மொய் நோட்டு வைக்கிறோமா, இல்லையா? தாய்மாமன் வைக்கிற மொய்யைக்கூட, பெயர், ஊர், தொகை என்று நோட்டில் எழுதுகிறோம். 101 ரூபாய் வைத்தவர், "என்னை நம்பாமல்தானே எழுதினாய்?" என்று கோபித்துக்கொண்டு போனதுண்டா? நாளைக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற மரியாதைக்காகத்தானே எழுதி வைக்கிறோம்? 101 ரூபாய்க்கு எழுதுவது மரியாதை என்றால், 6 லட்சத்துக்கு எழுதுவது மட்டும் எப்படி அவமரியாதை ஆகும்? 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஆகவே, பெண் வைத்திருக்கும் தாய்மார்களும், சம்பாதிக்கும் தங்கைகளும் சில விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்து இடம் வாங்காமல் இருப்பதே நல்லது. அவரவர் பணத்தில் அவரவர் பெயரில் வாங்கிக்கொள்ளட்டும். அப்படியே சேர்ந்து வாங்கினாலும், கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள், யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். பங்கு எழுதாமல் விட்டு, ஆதாரமும் இல்லாவிட்டால் ஆளுக்குப் பாதி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 8 லட்சம் போட்டவருக்கும், 2 லட்சம் போட்டவருக்கும் ஒரே பங்கு என்றால் நியாயமா?

இருவர் பெயரில் இருந்தாலும், ஒருவர் போய்விட்டால் அவர் பங்கு தானாக மற்றவருக்கு வந்துவிடாது. அவருடைய வாரிசுகளுக்குப் போகும். வேண்டுமென்றால் உயில் எழுதி வைக்கலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை என்றாலும், செய்துவிட்டால் நல்லது.

"அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். பெயர் மாற்றுவது என்றால் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது மாதிரி இல்லை. மறுபடி ஒரு பத்திரம் போட வேண்டும். தமிழ்நாட்டில் 2023லிருந்து கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்குச் செலவு குறைவுதான். ஆனால், கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் குடும்பம் இல்லையே! அதுமட்டும் இல்லை, உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு வருடத்தில் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் பணமோ, அதற்கு மேல் மதிப்புள்ள இடமோ சும்மா வாங்கினால், வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. மற்றபடி காதல் பரிசு என்று சொல்லித் தப்ப முடியாது.

பணத்தைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பேங்க் மூலம்தான் கொடுக்க வேண்டும். எதற்காகக் கொடுக்கிறோம் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடனாகக் கொடுத்தால் புரோநோட் எழுதி வாங்குங்கள். அதற்கும் 3 வருடம்தான் ஆயுசு என்பதை மறக்காதீர்கள்.

வீட்டுக் கடனுக்கு, "சும்மா ஒரு கையெழுத்து போடு" என்றால் போடாதீர்கள். கூட்டாகக் கடன் வாங்கினாலும் சரி, ஜாமீன் போட்டாலும் சரி, முழுக் கடனுக்கும் பேங்க் உங்களைக் கேட்கும். இருவருக்கும் பேச்சு நின்றுபோனால், மாதத் தவணை நிற்காது. அதேபோல, அப்பா கொடுத்த இடத்துக்கு, "நான் பார்த்துக்கறேன்" என்று பவர் எழுதிக் கேட்டாலும் யோசியுங்கள். விற்கும் அதிகாரம் உள்ள பவர் என்றால், உங்களைக் கேட்காமலே விற்க முடியும். கொடுத்துவிட்டுப் பயமாக இருந்தால், உடனே பதிவு அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் போட்டு, அவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பவர் வைத்துக்கொண்டே இடம் வாங்கிவிட்டதாகச் சொல்கிறவர்களும் உண்டு. பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இன்றைக்கு டவுனில், கல்யாணம் செய்யாமலே ஒரே வீட்டில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அது சரியா, தவறா என்று நான் பேச வரவில்லை. அவர்களுக்கும் 2005ம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் சில பாதுகாப்பு உண்டு. அதுவும் கணவன் மனைவி போலவே நாலு பேர் அறிய வாழ்ந்திருக்க வேண்டும் என்று, 2010ல் நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அப்படி இருந்தாலும், அந்த வீட்டில் இருக்க உரிமை கேட்கலாமே தவிர, வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது.

ஆண்களுக்கும் இது பொருந்தும். என் கணவரோடு வேலை பார்த்த ஒருவர், கல்யாணம் பேசியிருந்த பெண் பெயரில், முழுக்கத் தன் பணத்தில் இடம் வாங்கினார். ஏதோ மனஸ்தாபத்தில் கல்யாணம் நின்றது. பெண் வீட்டார் இடத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டனர். பினாமிச் சட்டத்துக்குப் பயந்து, அவர் கோர்ட்டுக்கும் போகவில்லை. பெண் பெயரில் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று, 2025 ஏப்ரலிலிருந்து தமிழக அரசு சலுகை கொடுத்திருக்கிறது. பெண்களுக்குச் சொத்து சேரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த சலுகை. அதை மிச்சம் பிடிக்க, நாளைக்கு யார் வீட்டுக்குப் போவாள் என்று தெரியாத பெண் பெயரில் பத்திரம் போடுவது புத்திசாலித்தனம் இல்லை.

அந்தப் பெண் வீட்டார் செய்ததை நான் நியாயம் என்று சொல்லவே மாட்டேன். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, அடுத்தவர் உழைத்த காசு அடுத்தவர் காசுதான். கல்யாணம் நின்றுபோனால், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடக்க வேண்டும். பெண்ணாக இருந்தாலும் ஆணாக இருந்தாலும் அதுதான் தர்மம். பத்திரம் நம் பெயரில் இருக்கிறது என்பதற்காக வைத்துக்கொண்டால், அந்த வீட்டில் விளக்கேற்ற மனசு வருமா?

கடைசியாக ஒன்று. இரண்டு குடும்பத்துக்கும் தெரியாமல் சொத்து வாங்காதீர்கள். என் தங்கை விஷயத்தில் நடந்த தப்புகளில் பெரியது இதுதான். அவருடைய அம்மாவுக்கு முன்னாடியே தெரிந்திருந்தால், அந்த 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கு வேறு சாட்சி தேவைப்பட்டிருக்காது. பணத்தைவிட இன்னொன்றும் உண்டு. அவர் இறந்த அன்றைக்கு, என் தங்கை கூட்டத்தோடு கூட்டமாக, கம்பெனியில் வேலை செய்கிறவள் என்று சொல்லிக்கொண்டு போய், மாலை போட்டுவிட்டு, அழக்கூட முடியாமல் திரும்பி வந்தாள். சொத்தையும் மறைத்தோம், பெண்ணையும் மறைத்தோம். கடைசியில் இரண்டுக்கும் சாட்சி இல்லாமல் போனது.

அந்தம்மா, போன வருடம் மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தார். தங்கை போகவில்லை. நான் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன். நோட்டில் என் பெயரை எழுதும்போது, அந்தம்மா பக்கத்தில் வந்து, "உன் தங்கச்சி வரலியா அம்மிணி?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்போது அவள் பெயரில், அவள் சம்பளத்தில், பேங்கில் பணம் சேர்க்கிறாள். "இடம் வாங்கினா எம்பேருல தனியாத்தான் வாங்குவேன் அக்கா. கட்டிக்கப் போறவருகிட்ட அதை முதல்லயே சொல்லிடுவேன்" என்கிறாள். இந்தத் தடவை நான், "சொல்லு கண்ணு" என்றேன்.

எங்கள் வீதிப் பெண்ணிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் முகம் வாடிப்போனாள். இரண்டு நாள் கழித்து வந்து, "அவருகிட்டக் கேட்டேன் அக்கா. ஒண்ணுமே சொல்லல, இரண்டு பேரு பேருலயும் போட்டுக்கலாம்னு ஒத்துக்கிட்டாரு" என்றாள். அவ்வளவுதான் விஷயம். நல்லவராக இருந்தால் கேட்டதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவர் என்றால், அது பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுவது பெண்ணுக்கு நல்லதுதானே?

சந்தேகம் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பு ஒரு தடவை வில்லங்கச் சான்றையும், மூலப் பத்திரத்தையும் வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றால், 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள், இல்லையென்றால் பக்கத்துக் கோர்ட்டில் இருக்கும் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அன்பு வைத்தவருக்குக் கொடுத்தாலும் எழுதிக் கொடுப்போம், எழுதி வாங்குவோம். நம் பெண் பிள்ளைகள் கேட்கும்போது, என்னைப் போல வாயை அடைக்காமல், "கேள் கண்ணு, நான் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். சொல்வீர்களா சகோதரிகளே?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர் மாவட்டம்.